குட்டி கேலக்ஸிகள் பெருசானது எப்படி? புனே விஞ்ஞானிகள் கண்டுபிடித்த 'அலக்நந்தா' கிளப்பும் கேள்வி!

ராஜபாளையம் அய்யனார் கோவில் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மலையில் மழை பெய்தால், அங்கங்கே இறங்கும் சின்னச் சின்ன ஓடைகள் சேர்ந்துதான் கீழே ஆறாக ஓடும். கேலக்ஸி எனப்படும் விண்மீன் மண்டலங்கள் வளர்ந்த கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இத்தனூண்டு இடத்தில் இத்தனை நட்சத்திரமா?

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதில் முதல் 300 கோடி ஆண்டுகளுக்குள் உருவான சில கேலக்ஸிகள், எடையில் நம்ம பால்வெளி மண்டலத்துக்குச் சளைத்தவை அல்ல. ஆனால் பால்வெளியின் அகலம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. இவற்றில் பெரும்பாலான நட்சத்திரங்கள் சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் அடைந்து கிடந்தன. செல்லப்பெயர் 'ரெட் நக்கெட்'. புது நட்சத்திரம் பிறப்பது நின்றுபோய், வயதான சிவப்பு நட்சத்திரங்களே மிஞ்சியதால் இந்தப் பெயர்.

பக்கத்தில் வந்த குட்டி கேலக்ஸிகளை இவை ஈர்ப்பு விசையால் இழுத்து விழுங்கின. வந்த நட்சத்திரங்கள் நடுவில் போய் உட்காராமல் ஓரத்தில் பரவின. அதனால் எடை கொஞ்சம் கூடினாலே உருவம் பல மடங்கு ஊதியது. இன்றைய பெரிய நீள்வட்ட கேலக்ஸிகள் பல இப்படி வந்தவைதான். நம்ம பால்வெளியும் லேசுப்பட்டது இல்லை, தனுசு குறு மண்டலத்தை இப்பவும் மென்றுகொண்டிருக்கிறது!

தீனி கிடைக்காவிட்டால்?

சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவில், பெர்சியஸ் கொத்தில் இருக்கும் என்ஜிசி 1277-ஐப் பாருங்கள். பால்வெளியைவிட இரண்டு மடங்கு நட்சத்திரங்கள், ஆனால் அளவு கால்வாசிதான். கொத்துக்குள் படுவேகமாக ஓடுவதால் எதையும் பிடித்து விழுங்க முடியவில்லை. வளராமல் அப்படியே நின்றுவிட்டது.

அலக்நந்தா ஏன் ஆச்சரியம்?

புனேவில் உள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயின், யோகேஷ் வாடடேகர் இருவரும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கித் தரவுகளில் கண்டுபிடித்த கேலக்ஸி இது. 2025 நவம்பரில் செய்தி வெளியானது. இமயமலை நதியின் பெயர். அதன் சகோதரி நதி மந்தாகினி. இந்தியில் பால்வெளிக்கும் அதே பெயர்தான்.

பெருவெடிப்பு நடந்து வெறும் 150 கோடி ஆண்டுகளில், சுமார் 30,000 ஒளியாண்டு அகலம், இரண்டு அழகான சுருள் கைகள்! அந்தக் காலத்து கேலக்ஸிகள் சின்னதாக, கலைந்து கிடக்கும் என்பதுதான் இதுவரை படித்த பாடம். மோதி விழுங்கி வளர்ந்திருந்தால் இந்தத் தட்டு வடிவம் சிதைந்திருக்கணுமே? குளிர்ந்த வாயு வெளியிலிருந்து நிதானமாக வந்து சேர்ந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

அடுத்து, அந்தத் தட்டு எப்படிச் சுழல்கிறது என்று அளக்க வேண்டும். அது அமைதியாகச் சுழல்வது உறுதியானால், கேலக்ஸிகள் எப்போது பக்குவப்பட்டன என்று கம்ப்யூட்டர் மாதிரிகள் போட்டுவைத்த கால அட்டவணையையே மாற்ற வேண்டியிருக்கும்.