கொசு வயிற்றில் கல்யாணம்!

மலேரியா என்றதும் நம் எல்லோருக்கும் தெரிந்தது ஒரே காட்சிதான். பல் கிட்டும் குளிர், எத்தனை கம்பளி போர்த்தினாலும் அடங்காத நடுக்கம், அனலாகக் கொதிக்கும் உடம்பு, பிறகு வியர்த்துக் கொட்டிக் கொஞ்சம் ஓய்வு. ஒருநாள் விட்டு ஒருநாள் மறுபடியும் அதே கூத்து. ஆனால் இத்தனைக்கும் காரணமான பிளாஸ்மோடியம் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி, தன் முக்கியமான வேலைகளில் பாதிக்குமேல் நமக்கு ஒரு தும்மல்கூட வராத நேரத்தில் முடித்துவிடுகிறது! அந்தத் திரைமறைவு வேலைகளைத்தான் இப்போது எட்டிப் பார்க்கப் போகிறோம். வாருங்கள்.

வந்து இறங்கும் விருந்தாளிகள்

பெண் அனாஃபிலிஸ் கொசு கடிக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்கக் கொஞ்சம் எச்சிலை உள்ளே விடுகிறது. அந்த எச்சிலோடு இறங்குபவை ஸ்போரோசோயிட்டுகள் என்ற பருவத்தில் இருக்கும் பிளாஸ்மோடியங்கள். எத்தனை இருக்கும்? லட்சக்கணக்கில் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலும் சில பத்துகள்தான்! அவையும் அநேகமாக இரத்தத்தில் இல்லாமல் தோலில் வந்து விழுகின்றன. காலும் கிடையாது, வாலும் கிடையாது. ஆனாலும் நொடிக்கு ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் வேகத்தில் வழுக்கி வழுக்கிப் போய், ஒரு இரத்த நுண்குழாயைத் தேடிப்பிடித்து உள்ளே நுழைகின்றன. வழி தெரியாதவை தோலிலேயே மடிகின்றன.

நுழைந்தவை நேரே கல்லீரலுக்குப் போகின்றன. அங்கே போயும் கண்ணில் பட்ட முதல் செல்லில் தங்குவதில்லை. ஒன்றைத் துளைத்து வெளியேறி, அடுத்ததைத் துளைத்து, இப்படிப் பல செல்களைப் பார்த்த பிறகுதான் ஒன்றில் குடியேறுகின்றன. அப்படி என்ன பிடிவாதமோ!

பிறகு ஏறக்குறைய ஒரு வாரம் பேச்சு மூச்சில்லை. நாம் சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம், தூங்குகிறோம். உள்ளே ஒன்று பல்லாயிரமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. ஃபால்சிபாரம் இனத்தில் ஒரே கல்லீரல் செல்லிலிருந்து அடுத்த பருவமான மெரோசோயிட்டுகள் பத்தாயிரக்கணக்கில் கிளம்பும். கிளம்பும் விதத்தைப் பார்க்க வேண்டுமே! குடியிருந்த செல்லின் சவ்வையே மேலே போர்த்திக்கொண்டு, பொட்டலம் பொட்டலமாக இரத்தத்தில் இறங்குகின்றன. எலி மலேரியாவில் ஆய்வாளர்கள் நேரிலேயே பார்த்த காட்சி இது. காவல் செல்களுக்கு முன்னால் போவது என்னவோ நம் உடம்பின் சொந்தச் சவ்வுதான். அவை எதைச் சந்தேகப்படும்?

ஒரு நிமிடத்தில் குடிபுகுதல்

இன்னும் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு மெரோசோயிட் சிவப்பணுவை முட்டுகிறது. சிவப்பணு நெளிகிறது. மெரோசோயிட் புரண்டு, தன் கூர்முனையை அணுவின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. இறுகப் பற்றி, அணுவின் சவ்வை உள்வாக்கில் குழித்து, அந்தச் சவ்வே தன்னைச் சுற்றி மூடும்படி உள்ளே போய்விடுகிறது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்!

உள்ளே ஹீமோகுளோபின் விருந்து. ஒரே ஒரு சிக்கல்: சாப்பிட்டதில் மிஞ்சும் ஹீம் ஒட்டுண்ணிக்கே நஞ்சு. அதனால் அதைக் கரும்பழுப்புப் படிகமாக்கி ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறது. குளோரோகுயின் மாத்திரை கைவைப்பது இந்த இடத்தில்தான். படிகமாக விடாமல் தடுத்தால், தின்ற சாப்பாட்டாலேயே ஒட்டுண்ணி சாகும். இந்தக் கருந்துகளைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கதையில் இதற்குப் பெரிய வேடம் காத்திருக்கிறது.

48 மணி நேரத்தில் ஒன்று பதினாறாகவோ அதற்கு மேலாகவோ பிரிந்து, சிவப்பணுவை வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது. லட்சக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் வெடிப்பதால்தான் அந்தக் குளிரும் நடுக்கமும். நமக்குத் தெரிந்த காட்சிக்கு இப்போதுதான் திரை விலகுகிறது!

கெட்டிமேளம்!

இதற்கிடையில் சில ஒட்டுண்ணிகள் பெருகும் வேலையை விட்டுவிட்டு ஆணாகவும் பெண்ணாகவும் முதிர்கின்றன. ஃபால்சிபாரத்தில் இவை பிறை வடிவம். எலும்பு மஜ்ஜையில் பத்து நாள் போல ஒளிந்து வளர்ந்து இரத்தத்துக்கு வரும். இவற்றால் காய்ச்சல் வராது. இன்னொரு கொசு வருகிறதா என்று காத்திருப்பதுதான் வேலை.

கொசு உறிஞ்சியதும் சூடு சட்டென்று இறங்குகிறது. கொசுவுக்குள் இருக்கும் சாந்துரெனிக் அமிலம் மேலே படுகிறது. அவ்வளவுதான், கெட்டிமேளம்! ஆண் செல் தன் டிஎன்ஏவை மூன்று முறை இரட்டிப்பாக்கி, சுமார் கால்மணி நேரத்தில் எட்டுச் சாட்டைகளாகப் பிரிந்து சுழன்றடித்துக்கொண்டு பெண்ணைத் தேடி ஓடுகிறது.

இந்தக் கூத்தை அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் 1880 நவம்பர் 6 அன்று பிரெஞ்சு ராணுவ மருத்துவர் அல்ஃபோன்ஸ் லாவெரான் பார்த்துவிட்டார். நுண்ணோக்கியின் கீழே ஒரு படைவீரரின் இரத்தம். கருந்துகள் கொண்ட உருண்டையிலிருந்து சாட்டைகள் துள்ளுகின்றன! அங்கே கொசு எங்கிருந்து வந்தது? வரவே இல்லை. கண்ணாடியில் இரத்தம் ஆறியதும், கொசு வயிற்றுக்கு வந்துவிட்டோம் என்று ஆண் செல் ஏமாந்துபோனது. அந்த ஏமாளித்தனத்தால்தான் மலேரியாவின் ஒட்டுண்ணி மனிதரிடம் பிடிபட்டது.

17 ஆண்டு கழித்து, 1897 ஆகஸ்ட் 20, செகந்தராபாத். உசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்கவிட்ட கொசுக்களை ரொனால்டு ராஸ் அறுத்துப் பார்க்கிறார். வயிற்றுச் சுவரில் புதிதாகச் சில உருண்டைகள், அந்தக் கல்யாணத்தின் பலன். உள்ளே நம் பழைய சிநேகிதன், அதே கருந்துகள்! மனித இரத்தத்தில் தின்ற மிச்சத்தை ஒட்டுண்ணி கொசு வரைக்கும் சுமந்து போய், தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது. ராஸுக்கு 1902ல் நோபல் பரிசு, லாவெரானுக்கு 1907ல்.

குறுகலான வாசல்கள்

காட்டுக் கொசு ஒன்றின் வயிற்றில் அந்த உருண்டைகளை எண்ணினால் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றும் முதிர்ந்து வெடித்தால் ஆயிரக்கணக்கில் ஸ்போரோசோயிட்டுகள் எச்சில் சுரப்பிக்கு ஓடும். அதற்கு இரண்டு வாரம் போல ஆகும். பல கொசுக்கள் அதற்குள் செத்தே போகும். ஆக, கோடிகளில் புரளும் இந்த ஒட்டுண்ணி இரண்டே இடங்களில் வெகுசிலவாகச் சுருங்கிவிடுகிறது: கொசுவின் வயிற்றில் ஒருமுறை, நம் தோலில் ஒருமுறை. உலக சுகாதார நிறுவனம் 2021லும் 2023லும் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ், ஆர்21 தடுப்பூசிகள் காவல் நிற்பது அந்த இரண்டாவது வாசலில்தான். ஸ்போரோசோயிட்டின் மேற்பூச்சுப் புரதத்தை நம் உடம்புக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டிவிடுகின்றன.

நம் ஊர்க்காரரைப் பார்க்காமல் கிளம்பினால் எப்படி? சென்னையில் மலேரியா என்றால் பெரும்பாலும் வைவாக்ஸ் இனம்தான். கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும் ஸ்டீபன்சி கொசு அதைச் சுமந்து திரிகிறது. வைவாக்ஸிடம் ஒரு கூடுதல் தந்திரம் உண்டு. கல்லீரலுக்குப் போனவற்றில் சில பெருகாமல் அப்படியே உறங்கிவிடும். வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்துக்கொண்டு, கொசுக்கடி இல்லாமலே காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரும். குளோரோகுயினை மூன்று நாள் கொடுத்ததும் இரத்தம் சுத்தமாகிவிடும். கல்லீரலில் உறங்குபவற்றை அது தொடாது. அவற்றுக்காகத்தான் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிரைமாகுயினை 14 நாள் எழுதித் தருகிறார்கள்.

காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று நான்காம் நாளே மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடுகிறவர்கள் ஏராளம். பாவம், அவர்கள் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அட்டையை முடித்துவிடுங்கள்!