கார்லைல் மாணவரின் 1912ஆம் ஆண்டு ஆட்டம்

பாடசாலை அணியொன்றின் வரலாற்றை வெற்றி தோல்விக் கணக்காக எழுதிவிடுதல் எளிது. ஆயின், அக்கணக்கினுள் அடங்காத செய்தியுடைய ஆட்டப் பருவங்களும் சில உள. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் பாடசாலை மாணவர் 1912ஆம் ஆண்டில் ஆடிய பருவம் அத்தகையது.

கார்லைல், அந்நாட்டுப் பழங்குடிச் சிறுவர் சிறுமியர்க்கென 1879இல் றிச்சட் பிறற் என்னும் இராணுவ அதிகாரி பழைய படைமுகாமொன்றில் நிறுவிய விடுதிப் பாடசாலையாகும். நெடுந்தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் கூந்தல் கத்தரிக்கப்பட்டது, பெயர்கள் மாற்றப்பட்டன, தாய்மொழி பேசுதல் தடுக்கப்பட்டது. குலமரபை மறக்கச் செய்தலே கல்வி என்பது நிறுவியவரின் கொள்கை.

அவர்கள் ஆடியது நாம் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. றக்பியைப் போல, முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் உதைத்தும் ஆடுவது அது. பந்தை முன்னோக்கி எறிதற்கு 1906இல் விதி இடமளித்தது. பத்து யார் முன்னேறுதற்கு நான்கு முயற்சிகள் என்னும் விதி 1912இல் வந்தது. உடற்பாரத்தால் மோதி வெல்லும் ஆட்டத்தில் விரைவுக்கும் மதிநுட்பத்துக்கும் இவ்வாறு இடம் பிறந்தது. மெலிந்த உடலினரான கார்லைல் மாணவரைப் பயிற்றுநர் வோர்னர் இவ்விரண்டிலுமே வல்லவராக்கினார்.

அப்பருவத்தில் அவர்கள் பன்னிரண்டு ஆட்டங்களில் வென்றனர். ஒன்றிற் சமநிலை எய்தினர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திடம் மட்டுமே தோற்றனர். நவம்பர் 9ஆம் நாள் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியை 27க்கு 6 என்ற கணக்கில் வென்றமையே பெரிதும் பேசப்படுவது. தோற்ற அணியில் ஆடியவருள் ஒருவர், பின்னாளில் அமெரிக்க சனாதிபதியான ஐசன்ஹோவர். 1890இல் வூண்டட் நீ என்னுமிடத்திலே அமெரிக்கப் படையினர் பழங்குடி மக்களைப் பெண்டிர் பிள்ளைகள் என்றும் பாராது கொன்றிருந்தனர். அதற்கு 22 ஆண்டுகளின் பின், படை அதிகாரிகளாகப் பயில்வோரும் பழங்குடி மாணவரும் ஒரே விதிக்கு உட்பட்டு எதிரெதிரே நின்றனர் என்பதை எண்ணுக.

ஆட்டக்களத்தில் நிலவிய அந்நீதி வெளியே நிலவவில்லை. அணியின் தலைசிறந்த வீரரான ஜிம் தோர்ப், அதே ஆண்டில் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்கள் பெற்றவர். முன்னர்ப் பணம் பெற்றுப் பேஸ்போல் ஆடினார் என்று காட்டி 1913இல் அவை பறிக்கப்பட்டன. அவர் 1953இல் மறைந்தார். 2022இலேயே அவ்வெற்றிகள் அவருக்கே தனியுரிமையாக மீண்டும் பதியப்பட்டன. பாடசாலை 1918இல் மூடப்பட்டது. அங்கு இறந்த பிள்ளைகள் நூற்றுவர்க்கு மேற்பட்டோரின் கல்லறைகள் எஞ்சின. இத்தகைய பாடசாலைகளுக்காக அமெரிக்க சனாதிபதி மன்னிப்புக் கோரியது 2024இலேதான்.

கார்லைல் தன் மாணவர்க்கு வெற்றியைத் தேடித் தந்தது. ஆயின் அவ்வெற்றியைத் தாயிடம் சொல்லி மகிழ்தற்குரிய மொழியைப் பறிக்க முயன்றது. இரண்டனுள் எது பெரிது என்பதைத் தமிழ் கற்பிக்கும் நாம் சொல்லவேண்டியதில்லை. விழா நாளிலே கிண்ணங்களை எண்ணி மகிழும் பழைய மாணவரும், அவற்றைத் தொடர்ந்து வெல்லவிருக்கும் இளைஞரும், தம் பாடசாலை தமக்கு எதனைத் தந்தது என்பதோடு எதனைத் தம்மிடமே விட்டுவைத்தது என்பதையும் எண்ணுவாராக.