முப்பத்துநான்கு வினாடியில் ஒரு கணக்கு

திருவள்ளூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் காலை நேர மின்ரயிலில் நீங்கள் பயணம் செய்ததுண்டா? இருக்கை கிடைத்த சிலர் உறங்குவார்கள். கிடைக்காதவர்களிலும் சிலர், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் தடித்த வினாத் தொகுப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் உங்கள் அண்ணன்மாராகவோ அக்காமாராகவோ இருக்கலாம். பட்டம் பெற்றாகிவிட்டது. இனி வங்கித் தேர்வு. காக்களூர் தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு பட்டறையில் பகல் முறை வேலை, இரவில் கணக்கு என்று இரண்டு மூன்று ஆண்டுகள் ஓட்டுகிறவர்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் தேர்வு நாள் மனப்பாடம்.

அப்படி அந்தத் தாளில் என்னதான் கேட்கிறார்கள்? நீங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவராயின், அதில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் என்றால் நம்புவீர்களா? விழுக்காடு, விகிதம், சராசரி, வட்டி, காலமும் வேலையும், காலமும் தூரமும். இவற்றைத் தாண்டிப் புதிய கணிதம் மிகச் சிறிதே. ஆனால் முதல்நிலைத் தேர்வின் கணக்குப் பகுதியில் 35 வினாக்கள், 20 நிமிடங்கள். அதாவது 1,200 வினாடியை 35 ஆல் வகுத்தால் வினா ஒன்றுக்கு 34 வினாடி. கணிப்பான் கூடாது. கணினித் திரையின் ஓரத்தில் கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தத் தேர்வு முறை எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. சென்னையில் 1907இல் தோன்றிய இந்தியன் வங்கியும், மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றுள் அடங்கும். கிளைகள் சிற்றூர்களுக்கும் பரவின. ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1975இல் ஆள் தேர்வுக்கென ஒரு சிறு பிரிவு அமைந்தது. அதுவே 1984இல் ஐ.பி.பி.எஸ். என்னும் தனி நிறுவனமாயிற்று. 2011 முதல் பல அரசு வங்கிகளுக்கும் சேர்த்துப் பொதுத் தேர்வு நடக்கிறது. எழுத்தர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் எழுதலாம் என்று 2021இல் அறிவிப்பு வந்தது. தமிழ் வழியில் படிப்போருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

பாட்டியின் வாய்பாடு

640 ரூபாயில் 18¾ விழுக்காடு எவ்வளவு? தாளில் பெருக்கத் தொடங்கினால் அரை நிமிடம் போய்விடும். உங்கள் கொள்ளுப்பாட்டனார் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவராயின், பெருக்கவே மாட்டார். 'மூன்று வீசம்' என்பார். வீசம், அல்லது மாகாணி, என்பது பதினாறில் ஒரு பங்கு. விழுக்காட்டில் அது 6¼. மூன்று வீசம் 18¾. 640இல் வீசம் 40. மூன்று வீசம் 120. முடிந்தது.

இந்தப் பழைய பின்னங்களை விழுக்காட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, 12½ விழுக்காடு. காலே அரைக்கால் 37½. அரையே அரைக்கால் 62½. ஒரு மா என்பது இருபதில் ஒன்று, 5 விழுக்காடு. காணி எண்பதில் ஒன்று, 1¼ விழுக்காடு. 'முக்காலே மூணு வீசம் பேர் வந்துவிட்டார்கள்' என்று வீட்டில் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு அல்லவா? அது 15/16, அதாவது 93¾ விழுக்காடு. எவ்வளவு துல்லியமான பேச்சு பாருங்கள்! பயிற்சிப் புத்தகங்களில் 'பின்ன-விழுக்காட்டு அட்டவணை' என்று புதிதாகக் கண்டுபிடித்தது போலக் கட்டம் போட்டு அச்சிடுவதில் பாதி இதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எண்சுவடியின் சிறு அலகு முந்திரி, 1/320. 320இன் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமே. ஆகவே மூன்றில் ஒன்றையோ ஏழில் ஒன்றையோ முந்திரியால் சரியாக எழுத முடியாது. 33⅓, 16⅔, 14²⁄₇ ஆகியவற்றைத் தனியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பாலும் தராசுக் கோலும்

காக்களூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஆவின் பால் பண்ணை. எனவே ஒரு பால் கணக்கு. 6 விழுக்காடு கொழுப்புள்ள எருமைப்பாலும் 3.5 விழுக்காடு கொழுப்புள்ள பசும்பாலும் இருக்கின்றன. நிலைப்படுத்திய பாலில் 4.5 விழுக்காடு கொழுப்பு வேண்டும் என்பது உணவுத் தர விதி. இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது?

பள்ளியில் நாம் x, y என்று எடுத்துச் சமன்பாடு எழுதுவோம். தவறில்லை. ஆனால் வேறொரு வழியும் உண்டு. ஒரு நீண்ட கோலைக் கற்பனை செய்யுங்கள். அதன் இடக் கோடியில் 3.5 என்றும் வலக் கோடியில் 6 என்றும் எழுதுங்கள். இடையே 4.5 என்ற இடத்தில் கோலைத் தாங்கி நிறுத்துங்கள். இடக் கை நீளம் 1. வலக் கை நீளம் 1.5. இடக் கோடியில் பசும்பாலையும் வலக் கோடியில் எருமைப்பாலையும் தொங்கவிட்டால் கோல் எப்போது சமமாக நிற்கும்? நெம்புகோல் விதி உங்களுக்குத் தெரியும்: எடையைக் கையின் நீளத்தால் பெருக்கினால் இருபுறமும் சமமாக வேண்டும். நீளக் கையில் குறைந்த எடை, குட்டைக் கையில் மிகுந்த எடை. ஆக எருமைப்பால் 2 பங்கு, பசும்பால் 3 பங்கு. சரிபாருங்கள்: 2 × 6 + 3 × 3.5 = 22.5, ஐந்தால் வகுத்தால் 4.5.

இது வெறும் உவமையா? இல்லை. 100 கிலோ பசும்பாலில், வேண்டிய அளவைவிட 1 கிலோ கொழுப்பு குறைவு. 100 கிலோ எருமைப்பாலில் 1.5 கிலோ மிகுதி. குறையும் மிகையும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். தராசிலும் அதே சமன்பாடுதான்; எழுத்துகள்தாம் வேறு. பால் தொழில்நுட்பம் பயில்வோர் இதையே ஒரு கட்டத்தில் எழுதி 'பியர்சன் சதுரம்' என்பார்கள். வங்கித் தேர்வுப் புத்தகமோ 'குறுக்கு விதி' என்று சொல்லி அம்புக்குறிகளை வரைந்துவிட்டு நகர்ந்துவிடும். அம்புக்குறியை மட்டும் மனப்பாடம் செய்தவர், எந்த எண் எந்தப் பாலுக்கு என்று தேர்வறையில் தடுமாறுவார். கோலைப் பார்த்தவர் தடுமாறமாட்டார். தாங்கும் இடத்துக்கு அருகில் உள்ள பொருளே மிகுதியாக வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிகிறதே!

இதே கோலில் பாலுக்குப் பதில் பணத்தைத் தொங்கவிடுங்கள். 50,000 ரூபாயில் ஒரு பகுதி 7 விழுக்காட்டு வட்டிக்கும் மறு பகுதி 9 விழுக்காட்டு வட்டிக்கும் விடப்பட்டது. மொத்தத்தில் கிடைத்த வட்டி 7½ விழுக்காடு. கைகளின் நீளம் ½, 1½. பணம் 3:1. ஆகவே 7 விழுக்காட்டில் போட்டது 37,500 ரூபாய்.

காலமும் வேலையும் பற்றிய கணக்குக்கு ஒரே ஒரு குறிப்பு போதும். ஒரு கடைசல் இயந்திரம் ஒரு வேலையை 10 மணியில் முடிக்கும். மற்றொன்று 15 மணியில். 1/10, 1/15 என்று பின்னத்தில் இறங்காமல், மொத்த வேலை 30 துண்டுகள் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இயந்திரம் மணிக்கு 3 துண்டு, மற்றது 2. சேர்ந்தால் 5. ஆறு மணியில் வேலை முடியும். ரயில் கணக்கு இதைவிட எளிது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட பாதை திருவள்ளூர் வழியாகத்தான் செல்கிறது. அதில் 260 மீட்டர் நீள ரயில் ஒன்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 20 மீட்டர், ஓடினால் ஒரு கம்பத்தைக் கடக்க 13 வினாடி. 280 மீட்டர் நடைமேடையைக் கடக்க? ரயில் தன் நீளத்தையும் சேர்த்தே கடக்கவேண்டும். 540 மீட்டர், 27 வினாடி.

120இலிருந்து ஒன்றுக்கு

இனி, சிந்தனைத் திறன் பகுதி. இதற்குக் கணிதமே வேண்டாம் என்பார்கள் சிலர். பார்ப்போமா?

கமலா, மணி, செல்வி, பாஷா, ஜான் ஆகிய ஐவர் வடக்கு நோக்கி ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். செல்வி நடுவில் இருக்கிறாள். மணி ஒரு கோடியில் இருக்கிறான். மணிக்கும் பாஷாவுக்கும் இடையே சரியாக இருவர். கமலா, செல்விக்கு அடுத்து வலப்புறம். யார் எங்கே?

ஐவரை வரிசையில் அமர்த்த 5 × 4 × 3 × 2 × 1 = 120 வழிகள் உள்ளன. செல்வி நடுவில் என்றதும் மற்ற நால்வருக்கு 24 வழிகளே மிச்சம். மணி கோடியில் என்றதும் 12. பாஷா பற்றிய குறிப்பு வந்ததும் மணியின் இடம் எதுவோ அதுவே பாஷாவின் இடத்தையும் முடிவு செய்துவிடுகிறது, மிச்சம் 4. மணி இடக் கோடியில் என்றால் பாஷா நான்காம் இடத்தில். அங்கே கமலா உட்காரவேண்டுமே! அந்த வழி அடைபட்டது. எனவே மணி வலக் கோடி, பாஷா இரண்டாம் இடம். இடமிருந்து வலமாக ஜான், பாஷா, செல்வி, கமலா, மணி. ஒரே விடை.

120, 24, 12, 4, 1. ஒவ்வொரு குறிப்பும் எத்தனை வழிகளை அடைக்கிறது என்பதே அந்தக் குறிப்பின் மதிப்பு. 'ஜான் நடுவில் இல்லை' என்ற குறிப்பைத் தனியே எடுத்தால் அது 120இல் 24 வழிகளைத்தான் நீக்கும். 'செல்வி நடுவில்' என்பதோ 96ஐ நீக்கிவிடும். அதனால்தான் பழகியவர்கள் வினாவை மேலிருந்து கீழாகப் படித்து வரிசையாக எழுதுவதில்லை. உறுதியான குறிப்பைத் தேடி அங்கிருந்து தொடங்குகிறார்கள்.

இன்னொரு வகை: 'எல்லா வங்கிகளும் கட்டடங்கள். சில கட்டடங்கள் பள்ளிகள். ஆகவே சில வங்கிகள் பள்ளிகள்.' சரியா? காதுக்குச் சரி போல ஒலிக்கும். ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டில் காட்டிய வட்டங்களை, 1880இல் ஜான் வென் விரிவாக்கிய வட்டங்களை, வரைந்து பாருங்கள். கட்டட வட்டத்துக்குள் வங்கி வட்டம் முழுதாக அடங்கும். பள்ளி வட்டம் கட்டட வட்டத்தைத் தொடவேண்டும். வங்கி வட்டத்தைத் தொடவேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே முடிவு தவறு.

குருட்டாம்போக்கில் குறித்தால்?

தேர்வு எழுதுவோர் வீட்டில் அடிக்கடி எழும் வாதம் இது. தெரியாத வினாவை விட்டுவிடுவதா, ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு வருவதா? ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து விடைகள் தரப்பட்டிருக்கும். தவறான விடைக்கு, அந்த வினாவுக்குரிய மதிப்பெண்ணில் கால் பங்கு குறைக்கப்படும்.

ஒரு மதிப்பெண் வினாக்கள் ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்ததாகக் கொள்வோம். சராசரியாக ஒன்று சரியாகும், மதிப்பெண் 1. நான்கு தவறாகும், நான்கு கால், 1 போய்விடும். மிச்சம் சுழி! கால் என்ற எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? ஊகத்துக்குப் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை என்று கணக்கிட்டு வைத்த அளவு அது.

ஆனால் சராசரி என்பது ஒருவருக்கு ஒருநாள் நடப்பதைச் சொல்லாது. ஐந்தும் தவறாகிவிடும் வாய்ப்பு 4/5ஐ ஐந்து முறை பெருக்கினால் கிடைக்கும், 0.328, ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அப்போது ஒன்றேகால் மதிப்பெண் இழப்பு. வெட்டுப் புள்ளியில் கால் மதிப்பெண்ணுக்குக் கூட இடம் போகும் தேர்வில் அது சிறிய தொகை அன்று.

இப்போது ஐந்து விடைகளில் ஒன்று நிச்சயமாகத் தவறு என்று உங்களுக்குத் தெரியும் எனக் கொள்வோம். அப்படிப்பட்ட நான்கு வினாக்களில் ஒன்று சரி, மூன்று தவறு: 1 − ¾ = ¼. வினா ஒன்றுக்கு 1/16, சரியாக ஒரு வீசம் மதிப்பெண் லாபம்! இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் லாபம் 1/6 ஆக உயர்கிறது. ஆக வாதத்துக்கு முடிவு இதுதான்: ஒன்றுமே தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்காகும் நேரமாவது மிஞ்சும், சிறிதளவேனும் நீக்க முடிந்தால் குறிக்கலாம்.

நீக்குவது எப்படி? 347 × 286 எவ்வளவு? தரப்பட்ட விடைகள்: 99242, 98242, 99244, 99142, 99246. கடைசி இலக்கங்கள் 7 × 6 = 42; ஆகவே விடை 2இல் முடியவேண்டும். இரண்டு விடைகள் போயின. அடுத்து இலக்கங்களைக் கூட்டுங்கள். 347 தருவது 14, அதைக் கூட்ட 5. 286 தருவது 16, அதைக் கூட்ட 7. 5 × 7 = 35, கூட்ட 8. மிஞ்சிய மூன்றில் இலக்கக் கூட்டல் 8 வருவது 99242 மட்டுமே. ஒன்பதால் வகுத்த மீதியைத்தான் இப்படிக் குறுக்கு வழியில் பார்க்கிறோம். ஆனால் இலக்கங்கள் இடம் மாறிய பிழையை இது பிடிக்காது. 99422 என்றொரு விடை இருந்திருந்தால் அதுவும் இரு சோதனையிலும் தேறியிருக்கும். உண்மையில் இந்த வினாவுக்கு இத்தனை சோதனைகூட வேண்டாம்: 350 × 286 = 1,00,100; அதில் 3 × 286 = 858ஐக் கழித்தால் 99,242. 'பத்து வினாடித் தந்திரம்' என்று விற்கும் பலவற்றைவிட இந்த ஒரு கழித்தல் விரைவானது.

இனி ஒரு கணக்கு உங்களுக்கு. 40 லிட்டர் பால் உள்ள கேனிலிருந்து ஒருவர் 4 லிட்டர் பாலை எடுத்துவிட்டு 4 லிட்டர் தண்ணீர் ஊற்றினார். நன்கு கலக்கிய பின், கலவையில் 4 லிட்டரை எடுத்துவிட்டு மீண்டும் 4 லிட்டர் தண்ணீர் ஊற்றினார். மூன்றாம் முறையும் அவ்வாறே செய்தார். இப்போது கேனில் பால் எத்தனை லிட்டர்? 28 என்று சொல்ல நாக்கு துடிக்கும். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முயலுங்கள்.

(விடை: 29.16 லிட்டர்)