உஷார்! கோளாறு மெஷினில் இல்லை, குழாயில்!

வாஷிங் மெஷின் பாதியில் நின்று கத்துகிறதா? மெக்கானிக்குக்குப் போன் போடும் முன் கொஞ்சம் பொறுங்கள். நல்ல மெஷினைப் பிரித்துப்போட்டு, 'போர்டு போச்சு, வால்வு போச்சு' என்று ஆயிரக்கணக்கில் பில் தீட்டுவது நம் வீடுகளில் நடந்துகொண்டே இருக்கிறது. மாற்றிய மறுவாரமே அதே கோளாறு திரும்பும். ஏனென்றால் பழுது மெஷினுக்கு வெளியே இருக்கிறது!

எல்ஜி மெஷின் 'ஐஇ' என்று காட்டினால் தண்ணீர் ஏறவில்லை, 'ஓஇ' என்றால் இறங்கவில்லை. சாம்சங்கில் அதுவே '4சி', '5சி'. மெஷினுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஏன் ஏறவில்லை என்று அது சொல்லாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மேல்மாடியில் குடியிருப்பவர்களே, முதல் எச்சரிக்கை உங்களுக்கு! 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். பல ஃப்ரன்ட் லோடு மெஷின்கள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் கேட்கின்றன. மொட்டைமாடி டேங்குக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில், டேங்க் தண்ணீருக்கும் உங்கள் குழாய்க்கும் இடையே 2 மீட்டர்தான் உயரம் என்றால் கிடைப்பது வெறும் 0.2 பார். கீழ்வீட்டில் ஒழுங்காக ஓடிய மெஷின் மேல்வீட்டுக்கு வந்ததும் மக்கர் செய்வது இதனால்தான். டேங்க் பாதி காலியானால் இன்னும் மோசம்.

அழுத்தக் குறைவு இன்னொரு வேலையும் செய்யும். மெஷினுக்குள் தண்ணீரை விடும் இன்லெட் வால்வு, தண்ணீரின் அழுத்தத்தை வைத்துத்தான் இறுக மூடிக்கொள்கிறது. அது போதாவிட்டால் முழுக்க மூடாமல் கசியும். மெஷினை அணைத்த பிறகும் டிரம்மில் தண்ணீர் சேரும். வால்வை மாற்றினாலும் இது தீராது.

கண்டுபிடிப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள், மெஷின் பக்கம் ஹோஸைக் கழற்றி வாளிக்குள் விட்டுக் குழாயைத் திறங்கள். சன்னமாக வந்தால் பிரச்சினை குழாய், வீட்டு லைன் வால்வு, டேங்க் பக்கம். ஹோஸையும் கழற்றிக் குழாயை மட்டும் திறந்து பார்த்தால் ஹோஸ் அடைப்பா என்பதும் தெரிந்துவிடும். பீய்ச்சி அடித்தால், மெஷினில் ஹோஸ் மாட்டும் இடத்திலுள்ள குட்டி வலையைப் பாருங்கள். போர் தண்ணீர் மணலும் பழைய இரும்புக் குழாயின் துருவும் அங்கேதான் அடைத்திருக்கும். பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். 'இது எதுக்கு' என்று சிலர் அந்த வலையையே தூக்கி எறிகிறார்கள். வேண்டவே வேண்டாம்! மணல் வால்வுக்குள் போய் உட்கார்ந்தால் அப்புறம் நிஜமாகவே வால்வு மாற்ற வேண்டியதுதான்.

டிரெயின் ஹோஸில் அதைவிடப் பெரிய ஏமாற்று இருக்கிறது. ஃப்ரன்ட் லோடு மெஷினின் ஹோஸைப் பாத்ரூம் தரையில் போட்டுவிட்டால், ஏறும் தண்ணீர் தானாக வழிந்தோடும். மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும், துவைக்கவே தொடங்காது. டேங்க் காலியாவதுதான் மிச்சம். ஹோஸின் வாய் பொதுவாக 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும்; குழாய்க்குள் காற்றுப் புகாமல் திணிக்கவும் கூடாது. ஆனால் பம்ப் இல்லாத டாப் லோடு மெஷினில் கதை தலைகீழ்: ஹோஸ் தரையோடு தாழ்ந்து கிடந்தால்தான் தண்ணீர் இறங்கும். பழைய மெஷினைக் கொடுத்துவிட்டுப் புதிதாக வேறு வகை வாங்குபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வாங்கிய மெஷின் எந்த வகை என்று கேட்டு, அதற்கேற்ப டிரெயினை மாற்றுங்கள்.

துவைத்த துணியில் சாக்கடை வாடையா? டிரம்மில் எண்ணெய்ப் பிசுக்கு, சோற்றுப் பருக்கையா? அடுப்படி சிங்க்கும் மெஷினும் ஒரே குழாயில் சேர்ந்து, அந்தக் குழாய் அடைத்திருக்கிறது. கழிவுநீர் உங்கள் துணிக்கே திரும்பி வருகிறது! சோப்புத் தூளை மாற்றிப் பயனில்லை, பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

தரையில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது மட்டும் மெஷினைத் தொட்டுவிடாதீர்கள். அறைக்கு வெளியே இருக்கும் மெயின் சுவிட்சை, உலர்ந்த இடத்தில் நின்று அணையுங்கள். ஆர்சிசிபி (மின்கசிவு சுவிட்ச்) விழுந்தால் அதை மறுபடி மறுபடி தூக்கிவிடாதீர்கள். எங்கோ மின்கசிவு இருக்கிறது என்று அர்த்தம். எர்த் இல்லாத பிளக்கில் மெஷினை ஓட்டவே கூடாது. பிரஷர் பம்ப் போட்ட வீடுகளில் ஹோஸ் எந்நேரமும் அழுத்தத்திலேயே இருக்கும். வீங்கியோ வெடித்தோ இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். துவைத்து முடித்ததும் மெஷின் குழாயை மூடுங்கள், ஊருக்குக் கிளம்பும்போது கட்டாயம்.