பேசாத காதலர்

காதற்கதையின் தலைவன் முகங்கொடுத்துப் பேசாதவனாயின், அவன் நெஞ்சில் அன்பு உண்டென்பதைப் படிப்போர் எங்ஙனம் அறிவர்? 'உள்ளூர அன்புடையான்' என்று ஆசிரியரே இடையிடையே சொல்லிச் சென்றால் கதை சுவை குன்றும். சொல்லாது விட்டால் அவன் வெறுங் கல்லாவான். இவ்விடரை ஜேன் ஆஸ்டின் அம்மையார், தாம் முற்றுவித்த இறுதி நாவலாகிய 'பர்ஸுவேஷ'னில் கடந்த திறத்தை யாம் பலகாலும் வியந்ததுண்டு. அந்நூல், அவர் 1817 ஜூலையில் இறந்தபின், அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்தது.

ஆன் எலியட் பத்தொன்பதாம் வயதில் வென்ட்வொர்த் என்னும் கடற்படை அதிகாரிக்கு மணவுறுதி அளித்து, தாய்போன்ற ஒரு சீமாட்டியின் சொல்லுக்கிணங்கி அதனை முறித்தவள். (எம்மிற் பலர்க்கும் அதுவே வயது, ஆகலின் அவளைக் குறைகூற எமக்கு நா எழவில்லை.) எட்டாண்டு கழித்து, இருபத்தையாயிரம் பவுன் பொருளுடன் அவன் மீள்கிறான். ஒரே கூடத்திற் சந்திக்கின்றனர்; ஒரு வணக்கம், அவ்வளவே. அடையாளந் தெரியாதபடி அவள் மாறிவிட்டாள் என்று அவன் கூறியதும் அவள் செவிக்கு எட்டுகிறது. தமிழ் பயில்வோர் இதனை ஊடலென்று கொள்ளலாகாது. ஊடலுக்கு உரிமை வேண்டும். இவர்க்கோ அது அற்றுப்போயிற்று.

ஒருநாள், அடிபட்டுக் கிடக்கும் சிறுவனருகே அவள் மண்டியிட்டிருக்க, அவன் தம்பி இரண்டு வயதுக் குழந்தை அவள் முதுகைப் பற்றிக்கொண்டு விட மறுக்கிறது. யாரோ அதனை விலக்கி எடுக்கின்றனர். எடுத்தவன் வென்ட்வொர்த். அவள் நன்றி கூறுவதைக் கேளாதிருத்தற்பொருட்டே அவன் குழந்தையுடன் ஓசையெழ விளையாடுகிறான்! பிறிதொரு நாள், நெடுவழி நடந்து களைத்தவளை வாய் திறவாமல் தன் தமக்கையின் வண்டியில் ஏற்றிவிடுகிறான். நா மறுப்பதைக் கை செய்துவிடுகிறது. கதை பெரும்பாலும் ஆனின் கண்வழியே நிகழ்தலால், அவளைப் போலவே யாமும் அச்சிறு செயல்களை எண்ணிக்கொண்டிருக்க நேர்கிறது.

அவள் தந்தை ஸர் வால்ட்டரும் அன்பு காட்டாதவரே. ஆயினும் கண்ணாடியையும் குலப்பெருமையையும் நீக்கினால் அவரிடத்து மறைத்தற்கு யாதுமில்லை. யாவர்க்கும் இன்மொழி கூறும் மைத்துனன் வில்லியம் எலியட்டோ, ஒருகாலும் உணர்ச்சிவயப்படாதவன். அவனை ஆன் நம்பாததற்கு அதுவே காரணம்.

முடிவை அம்மையார் 1816 ஜூலையில் ஒருமுறை எழுதி, மனம் நிறைவுறாது, அடுத்த திங்களிலேயே மாற்றி எழுதினார். விலக்கிய அதிகாரங்கள் அவர் கையெழுத்திலேயே பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றில் இருவரும் நேரே பேசித் தெளிகின்றனர். மாற்றிய முடிவிலோ, பெண்டிரின் நிலைத்த அன்பைப் பற்றி ஆன் வேறொருவரிடம் உரையாடுகிறாள். அருகே மேசையில் வென்ட்வொர்த் எழுதிக்கொண்டிருக்கிறான். பின் அறையைவிட்டுச் சென்றவன், கையுறையை மறந்தவன்போல் மீண்டு வந்து, சிதறிய தாள்களினடியிலிருந்து ஒரு மடலை எடுத்து அவள் முன் வைத்து, அவளிடம் ஒரு சொல்லும் உரையாது வெளியேறுகிறான்.