வாத்தியக் குழு ஆசிரியரும் இளஞ்செவிகளும்

புனே நகரத்துப் பாணேரில் வாழும் நம்மவர், விநாயகர் விழாக் காலத்தில் டோல், தாசா முழக்கத்தைக் கேளாதிருத்தல் அரிது. சிறிய தாசா நடையைத் தொடங்க, இடுப்பில் கட்டிய பெரிய டோல்கள் பின்தொடர்கின்றன. இத்தகைய குழுக்களில் நம் சிறுவரைப் பழக்கும் ஆசிரியருக்குத் தாள அறிவு மட்டும் போதுமா? போதாது.

இராணுவ வாத்தியக்காரர்களுக்கெனப் பச்மடியில் 1950-இல் இசைப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. பள்ளிக்கூட, ஊர்க் குழுக்களின் ஆசிரியர்களுக்கோ பெரும்பாலும் சில நாள் பயிற்சி முகாம்களே துணை. அவற்றில் செவிக்காப்பு முதற்பாடமாதல் வேண்டும். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒலி 3 டெசிபெல் உயருந்தோறும் அந்நேரம் பாதியாகும் என்பது வல்லுநர் வகுத்த வரம்பு. அதன்படி 100 டெசிபெலுக்கு 15 நிமிடமே!

ஆதலின், தொடக்கப் பயிற்சியை ரப்பர்ப் பலகையில் நடத்துதல், இடையிடையே ஓய்வளித்தல், செவியடைப்பான் அணிவித்தல் ஆகியவற்றை ஆசிரியர் அறிதல் நன்று. கிழிந்த தோலை மாற்றலாம்; கெட்ட செவியை மாற்ற இயலாதன்றோ?