பழைய காரின் உயிர் எங்கே இருக்கிறது?

எம்ஜிபி கார் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் பானெட்டைத் திறக்கிறார்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் கேட்கிறார்கள், குரோமியம் பம்பரைத் தடவிப் பார்க்கிறார்கள், இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்கள். அந்தக் காரோடு பல வருஷம் பழகியவர் அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டார்ச்சோடு தரையில் படுத்துவிடுவார். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓடும் தகட்டுப் பெட்டியைத்தான் அவர் முதலில் பார்ப்பார். அதற்கு ‘சில்’ என்று பெயர். கார் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதை அதுதான் சொல்லும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே உள்ள ஆபிங்டன் என்னும் சிறு நகரில் எம்ஜி தொழிற்சாலை இருந்தது. அங்கே 1962-ல் தொடங்கி 1980 அக்டோபர் வரை எம்ஜிபி தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள். அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இரண்டு பேர் உட்காரலாம், பெரும்பாலானவற்றில் மேலே மடக்கும் துணிக்கூரை, 1798 சிசி எஞ்சின், மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொடும் வேகம். பணக்காரர்களுக்கென்று செய்த கார் அல்ல அது. சம்பளக்காரர் வாங்கி, தன் வீட்டு வாசலில் வைத்துத் தானே பழுது பார்க்கக்கூடிய கார். இன்றைக்கும் அவ்வளவு எம்ஜிபிகள் சாலையில் ஓடுவதற்கு அதுவே பெரிய காரணம்.

அதன் எஞ்சின் நமக்கும் உறவுதான். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி சீரிஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதே குடும்பத்தின் 1489 சிசி எஞ்சின்தான் பல பத்தாண்டுகள் நம் அம்பாசிடரை ஓட்டியது. அம்பாசிடர் எஞ்சினைப் பிரித்துக் கோத்த கைக்கு எம்ஜிபி எஞ்சின் புதிராக இருக்காது. வார்ப்பிரும்பு பிளாக், தள்ளுகம்பியால் திறக்கும் வால்வுகள், எல்லாமே ஸ்பேனருக்கு எட்டும் தூரம். போரிங் செய்யலாம், கிராங்கை அரைக்கலாம், புது பிஸ்டன் போடலாம். எத்தனை முறை செத்தாலும் அந்த எஞ்சினை எழுப்பிவிட முடியும். பாடி அப்படி இல்லை.

எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ காரில் கனமான சட்டம் ஒன்று தனியாக இருந்தது. பாடி அதன் மேல் உட்கார்ந்திருந்தது. எம்ஜிபியில் அந்தச் சட்டம் இல்லை. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டிங் செய்து உருவாக்கிய கூடே காரின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. கூரையுள்ள காரில் இந்த முறை நன்றாக வேலை செய்யும். கூரையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை மூடி இல்லாத செருப்புப் பெட்டியை இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கினால் புரிந்துகொள்ளலாம். அந்த முறுக்கலைத் தடுக்கும் வேலையை எம்ஜிபியில் இரண்டு பக்கச் சில்களும் நடுவே ஓடும் கியர்பாக்ஸ் சுரங்கமும் செய்கின்றன. சில் என்பது ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு, உள்தகடு, நடுவே செங்குத்தான தடுப்பு, அடியில் ஒரு தாங்கு பட்டை என நான்கு துண்டுகள் சேர்ந்த மூடிய பெட்டி. வலிமை வருவது அந்த மூடிய வடிவத்தால்தான். துரு சேர்வதும் அதே மூடிய வடிவத்தால்தான்.

இரும்பும் தண்ணீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் துரு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியானால் காற்று நன்றாகப் படும் இடம்தானே முதலில் துருப்பிடிக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. கேம்பிரிட்ஜில் அரிமானம் பற்றி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த யூலிக் எவன்ஸ், 1920-களில் இதை ஓர் எளிய சோதனையில் காட்டினார். தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்பு நீர். அதில் நிறம் காட்டும் இரண்டு வேதிப்பொருள்களைக் கலந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் சொட்டின் விளிம்பு இளஞ்சிவப்பானது, நடுப்பகுதி நீலமானது. விளிம்பில் காற்று எளிதாகப் படுகிறது; அங்கே ஆக்ஸிஜன் எலெக்ட்ரான்களை வாங்கிக் காரமாகிறது. நடுவில் ஆக்ஸிஜன் குறைவு. அங்கே இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது. ஒரே சொட்டுக்குள் ஒரு மின்கலம். காற்று குறைந்த மூலைதான் அரிபடுகிறது.

எம்ஜிபியின் சில்லுக்குள் நடப்பது இதேதான். முன் சக்கரம் வாரி இறைக்கும் சேறு, சக்கர வளைவின் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டைத் தாண்டி உள்ளே போய்ப் படிகிறது. இலைச் சருகும் மண்ணும் வடிகால் துளைகளை அடைக்கின்றன. பிரிட்டனில் குளிர்காலம் வந்தால் சாலைப் பனி உருகுவதற்காகப் பாறை உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பும் சேற்றோடு கலந்துவிடுகிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் எவன்ஸ் காட்டிய மின்கலம் இன்னும் சுறுசுறுப்பாகிறது. இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கும் தையல் இடுக்கில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை எடுத்துக்கொள்வதால் அந்த இடுக்கை ஆப்பு அடித்ததுபோலப் பிளந்து, இன்னும் ஈரத்துக்கு வழி விடுகிறது. வெளியே பெயின்ட்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே சில்லின் நடுத்தடுப்பு பொடியாகியிருக்கும். கலிபோர்னியாவின் வறண்ட காற்றில் நின்ற எம்ஜிபிகளை பிரிட்டிஷ்காரர்கள் திரும்பக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்குக் கொண்டுவருவது இதனால்தான்.

துருப்பிடித்த சில்லைப் பழுது பார்ப்பதில் ஏமாற்று வேலையும் அதிகம். கெட்டுப்போன சில்லை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து விற்பார்கள். பார்வைக்குப் பளபளப்பு, உள்ளே ஈரம் இன்னும் நன்றாகச் சிறைப்பட்டிருக்கும். சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின் மேல் வைத்தால் பட்டி கனமாக உள்ள இடத்தில் அது ஒட்டாது. இன்னொரு சோதனை இன்னும் நம்பகமானது: கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பார்ப்பது. கதவின் பின்விளிம்பில் மேலே இடைவெளி குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் கூடு நடுவில் தொய்ந்துவிட்டது என்று பொருள். பெயின்ட் பொய் சொல்லலாம். அந்த இடைவெளி பொய் சொல்லாது.

சரியான டிங்கரிங் எப்படி நடக்கும்? முதலில் முன் ஃபெண்டரைக் கழற்ற வேண்டும். ஏனென்றால் சில்லின் வெளித்தகடு அதற்கு அடியிலும் நீள்கிறது. பிறகு கதவுத் திறப்பின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து, கூடு அசையாமல் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கத்தைத் தொடக்கூடாது. இரண்டு சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டினால் காரின் நடுப்பகுதி தொய்யும். அந்த நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்தால் வளைவு நிரந்தரமாகிவிடும், கதவு பிறகு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. முழு வெல்டிங்குக்கு முன் கதவை மாட்டி, மூடிப் பார்த்து, திருத்தி, மறுபடி மூடிப் பார்க்க வேண்டும். மெல்லிய தகடு என்பதால் ஒரே கோடாக வெல்டிங் இழுத்தால் சூட்டில் நெளியும். ஓரிடத்தில் ஒரு புள்ளி வைத்து, ஆறவிட்டு, தள்ளி வேறோர் இடத்தில் அடுத்த புள்ளி வைப்பார்கள். நல்ல வேலைக்காரர் ஒரு சில்லுக்கு நாட்கணக்கில் செலவிடுவது இதில்தான். பெயின்ட் மினுக்கத்துக்குக் கொடுக்கும் பாராட்டில் பாதியையாவது நாம் இந்த வேலைக்குக் கொடுக்க வேண்டும்.

மூடப்போகும் பரப்புகளில் துத்தநாகம் கலந்த பிரைமர் பூசுவார்கள். துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலெக்ட்ரானை இழக்கும். தான் கரைந்து இரும்பைக் காக்கும். எல்லாம் முடிந்ததும் நீளக் குழாயால் பெட்டிக்குள் மெழுகுக் கரைசலைப் பீய்ச்சுகிறார்கள். அது இடுக்குகளுக்குள் ஊர்ந்து படிந்து தண்ணீரை இரும்பிலிருந்து பிரித்து வைக்கிறது. சில வருஷங்களுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். செலவு குறைவு, பயன் மிக அதிகம். ஆனாலும் பலரும் மறந்துவிடுகிற வேலை இதுதான்.

கூடு முற்றிலும் அழிந்துவிட்டால்? வேறெந்தப் பழைய காருக்கும் எளிதில் வாய்க்காத வழி எம்ஜிபிக்கு உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்னும் நிறுவனம், உற்பத்தி நின்றபின் சிதறிக் கிடந்த அசல் பிரஸ் அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988-ல் எம்ஜிபியின் முழுப் பாடியைப் புதிதாகவே செய்து விற்கத் தொடங்கியது. அந்தக் கூட்டை அடிப்படையாக வைத்து 1990-களின் முதல் பாதியில் ரோவர் நிறுவனம் ‘ஆர்வி8’ என்ற காரையே வெளியிட்டது. சுமார் 2,000 கார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. அச்சுகளைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. கார்களைப் பாதுகாப்பதைப் போலவே அச்சுகளையும் வரைபடங்களையும் பாதுகாப்பது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாடிக்கு அடுத்தபடியாக நான் ரசிப்பது கார்பரேட்டரை. பெரும்பாலான எம்ஜிபிகளில் இரண்டு எஸ்யூ கார்பரேட்டர்கள் உண்டு. இதன் மூல வடிவத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் உருவாக்கினார். அவர் காலணி வியாபாரக் குடும்பத்தவர்; முதல் கார்பரேட்டரில் தோலால் ஆன துருத்தியைத்தான் வைத்தார். துருத்தியின் இடத்தில் பின்னர் உலோக பிஸ்டன் வந்தது. சாதாரண கார்பரேட்டரில் காற்று போகும் தொண்டையின் அகலம் மாறாது. அதனால் மெதுவான வேகத்துக்கு ஒரு ஜெட், அதிவேகத்துக்கு ஒன்று, திடீர் அழுத்தலுக்கு ஒரு பம்ப் எனப் பல ஏற்பாடுகள் வேண்டும். எஸ்யூவில் தொண்டையே விரிந்து சுருங்குகிறது. எஞ்சின் அதிகக் காற்றை இழுத்தால் பிஸ்டன் மேலெழுந்து வழியை அகலமாக்கும். குறைவாக இழுத்தால் இறங்கும். பிஸ்டனின் அடியில் நுனி நோக்கிச் சிறுக்கும் ஊசி ஒன்று ஒரே ஜெட்டுக்குள் நிற்கிறது. பிஸ்டன் எழும்போது ஊசியும் எழுந்து பெட்ரோலுக்கு அதற்கேற்ற இடைவெளி தருகிறது. பிஸ்டன் தடாலென்று எழாமல் பார்த்துக்கொள்ள மேலே சிறு குழியில் எண்ணெய். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் தயங்குகிறதா? பல நேரம் அந்தக் குழியில் எண்ணெய் வற்றியிருக்கும், அவ்வளவுதான்.

டியூனிங்கும் கணினி இல்லாத வேலை. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்பரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டிலும் காற்றின் சீறல் ஒன்றுபோல வரும்வரை திருகுகளைச் சரிசெய்வார்கள். பிறகு பிஸ்டனை மெல்ல ஓர் இழை தூக்குவார்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் போனால் குறைவு. கொஞ்சம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி.

பெட்ரோலே மாறிவிட்டதுதான் இப்போதைய சிக்கல். இந்த எஞ்சினை வடிவமைத்த காலத்தில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் இருந்தது. அது எரிந்து உண்டான ஈய உப்புகள் வெளியேற்று வால்வுக்கும் அது உட்காரும் வார்ப்பிரும்பு விளிம்புக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,500 முறை அந்த விளிம்பில் மோதுகிறது, அதுவும் பழுக்கக் காய்ந்த சூட்டில். படலம் இல்லாவிட்டால் நுண்ணிய புள்ளிகளில் உலோகம் உலோகத்தோடு ஒட்டி, பிய்ந்து, விளிம்பு உள்வாங்கிக்கொண்டே போகும். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுத்த நஞ்சு. அது போனது மிக நல்லது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் 2000-ல் அதன் காலம் முடிந்தது. பழைய எஞ்சினுக்கு மருந்து ஒரே ஒருமுறை செய்யும் லேத் வேலை: ஹெட்டைக் கழற்றி, தேய்ந்த விளிம்பைக் கடைந்தெடுத்து, கடினமாக்கிய எஃகு வளையத்தைப் பொருத்திவிட்டால் போதும்.

எத்தனால் வேறு வகைச் சிக்கல். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். இந்தியா 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும், தன்னுள் ஆக்ஸிஜன் கொண்டிருப்பதால் கலவையை மெலிதாக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, ஜெட்டைச் சற்று இறக்கிக் கலவையைச் செறிவாக்கினால் ஓடும்போது பிரச்சினை பெரிதாக இல்லை. மாதக்கணக்கில் நிற்கும் டேங்கில்தான் ஆபத்து. எஞ்சின் ஆயிலிலும் கவனம் வேண்டும். கேமும் டேப்பெட்டும் உரசும் இடத்தைத் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் காக்கிறது. பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் நவீன ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். விலை உயர்ந்த புது ஆயில் இந்தக் காருக்கு நல்லதல்ல. பழைய எஞ்சின்களுக்கென்று வரும் 20டபிள்யூ-50 தான் பொருத்தம்.

காரில் வரும் லூகாஸ் நிறுவன மின்சாதனங்களைத் திட்டாத எம்ஜிபி உரிமையாளர் அரிது. என் கருத்தில் குற்றவாளி பெரும்பாலும் எர்த்தும் இணைப்பு முனைகளும்தான். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து ஒன்பது ஆம்பியர் இழுக்கையில், களிம்பு படிந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால் ஏறத்தாழ ஒரு வோல்ட் அங்கேயே போய்விடும். பல்பின் வெளிச்சம் கால்வாசி குறைந்துவிடும். உப்புத்தாளும் கொஞ்சம் கிரீஸும் அதைத் திரும்பத் தரும்.

பிரிட்டனில் பெரிய மாற்றம் செய்யாத, 40 வயது தாண்டிய கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. எனக்கு இது சம்மதமில்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிச் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கும் காரை, பெட்டிக்குள் துருப்பிடிக்கும் காரை, வருஷத்துக்கு ஒருமுறை வேறொருவர் கண் பார்ப்பது நல்லது. சட்டம் கேட்காவிட்டாலும் பொறுப்புள்ள உரிமையாளர்கள் காரைச் சோதனைக்குக் கொண்டுபோகிறார்கள்.

அம்பாசிடரும் எம்ஜிபியைப் போலத் தகட்டுக் கூட்டையே நம்பி நிற்கும் கார்தான். வீட்டுக் கொட்டகையில் தாத்தா காலத்து அம்பாசிடர் நின்றால், பெயின்ட் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவுக்குக் கீழே குனியுங்கள். வடிகால் துளைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள், உள்ளே மெழுகு அடியுங்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை எஞ்சின் முழுச் சூடு ஏறும்வரை ஓட்டுங்கள்.